மணலில் திரும்பி நடந்தால்

சிவப்புக் கொடி உயர்ந்தபோதும் நோர்டியா பிராம்வெல் கைதட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுடைய மாணவி அமோயா நீளம் தாண்டுதலில் அப்படித் தாண்டியிருந்தாள். பலகையில் அவள் கால் சரியாக விழுந்ததை நோர்டியா தன் கண்ணால் பார்த்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்... ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு. பதின்மூன்று வயதுப் பெண்ணின் ஒல்லி உடம்பு மழைக்காற்றில் எழும்பி, கீழே இறங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, அப்புறம் ஈர மணலில் விழுந்தது. கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டம் மூச்சை இழுத்தது. போர்ட் அன்டோனியோ மைதானத்தில் அன்று காலையிலிருந்து அத்தனை தூரம் யாரும் தாண்டவில்லை.

பின்னே எதற்குச் சிவப்பு?

பயிற்சியாளர்கள் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது நோர்டியாவுக்குத் தெரியும். தெரிந்தே குனிந்து உள்ளே போனாள்.

பலகையோரம் ஒரு குட்டை முக்காலியில் நடுவர் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, ஓலைத்தொப்பி. தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

அந்தக் கண்கள்... அவற்றில் அவசரமே இல்லை. மழை வருவதற்கு முன்னால் கடல் அசையாமல் கறுத்துக் கிடக்குமே, அப்படி. இந்த ஆளுக்குப் போய் இப்படி இரண்டு கண்களா என்று அந்தக் கோபத்திலும் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே கோபத்தை இன்னும் ஏற்றியது.

"கோட்டை மிதிக்கல சார். நான் பார்த்தேன்."

"மிதிக்கல," என்றான் அவன்.

"அப்புறம் எதுக்கு சிவப்பு?"

அவன் தொப்பி விளிம்பில் சொட்டிய நீரை விரலால் வழித்துவிட்டான். வார்த்தையை வெளியே விடுமுன் உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளும் ஆள் போலிருந்தது.

"திரும்பி நடந்து வந்தா, மிஸ்."

"என்னது?"

"மணல்ல விழுந்ததும் எழுந்து, பலகையைப் பார்த்து குழிக்குள்ளேயே நடந்து வந்தா. முன்பக்கமா வெளியே போகணும். பக்கவாட்டுல போனா, விழுந்த இடத்தைத் தாண்டிப் போகணும். இப்படிப் பின்னாடி வந்தா அந்தத் தாண்டல் செல்லாது."

"அவ பறந்தது முக்கியமா, அதுக்கப்புறம் நடந்தது முக்கியமா?"

"ரெண்டும்."

"சின்னப் பிள்ளைங்க சார் இவங்க."

"சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் ஆரம்பத்துலயே சரியா சொல்லித் தரணும், மிஸ்."

அவன் குத்திப் பேசவில்லை. அதனால்தான் அது ஆழமாகக் குத்தியது. ஏனென்றால்... சொல்லித் தந்தது அவள்.

பெலிகன் பே பள்ளியில் மணற்குழி கிடையாது. மணல் கொட்டித் தருவதாகச் சொன்னவர்கள் சொன்னதோடு சரி. அதனால் நோர்டியா பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இடது பக்கம் அலை, வலது பக்கம் மீன்பிடிப் படகுகள், நடுவில் மணல், மணல், மணல்தான். அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஒவ்வொரு தாண்டலுக்கும் அப்புறம் அவள் கத்துவாள், "திரும்பி வந்து உன் தடத்தைப் பாரு... எங்கே விழுந்தேன்னு நீயே பாரு." பிள்ளைகளும் திரும்பி, தங்கள் தடத்தோடு நடந்து, தாங்கள் போன தூரத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டே வருவார்கள்.

அந்த வழக்கம் அமோயாவின் காலுக்குள் ஏறியிருந்தது. இரண்டாவது தாண்டலிலும் திரும்பினாள், பாதி வழியில்தான் நினைவு வந்தது. மறுபடி சிவப்பு. மூன்றாவது முறை, எப்படி வெளியே போவது என்ற பயத்திலேயே ஓடினாள். குட்டையாக விழுந்து, நாலு காலில் தவழ்ந்து முன்பக்கமாக வெளியேறினாள். யாரோ சிரித்தார்கள். ஆனால் கொடி வெள்ளை. மாவட்டப் போட்டிக்கு எட்டுப் பேரை எடுப்பார்கள். அமோயா எட்டாவது.

மாவட்டத்தில் முதல் இரண்டு பேருக்குத்தான் தலைநகர் கிங்ஸ்டனில் நடக்கும் தீவு அளவிலான போட்டி. பெலிகன் பேயிலிருந்து இதுவரை யாரும் அங்கே போனதில்லை. இந்த வருடமும் யாரும் போகவில்லை என்றால் மாலைப் பயிற்சியை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் கணக்குப் பாடம் வைப்பதாகத் தலைமையாசிரியர் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

வேனில் திரும்பும்போது அமோயா கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மிஸ்... அந்தத் தொப்பிக்காரர் சிரிக்கவே மாட்டாரா?"

"அவருக்குச் சிரிக்கறதுக்குத் தனியா பச்சைக்கொடி காட்டணும் போல."

அமோயா சிரித்தாள். நோர்டியா சிரிக்கவில்லை. 'ஆரம்பத்துலயே சரியா சொல்லித் தரணும்...' வழியெல்லாம் வாழைத்தோட்டங்களில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்தக் குரல் மழையோடு சேர்ந்து கூடவே வந்தது.

*

அடுத்த வாரம் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டித் திரும்பினால் வாசல் கேட்டோரம் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீர் மீட்டரின் மூடியிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் வாரியத்தின் நீலச் சீருடை. ஆனால் அதே ஓலைத்தொப்பி.

"நீங்களா?"

அவன் எழுந்து நின்றான். "நான்தான் மிஸ். மாசாமாசம் வர்றேன். நீங்க அந்த நேரம் பள்ளிக்கூடத்துல இருப்பீங்க." கொஞ்சம் யோசித்து, "லெய்ட்டன் சேம்பர்ஸ்," என்றான், அது மட்டும் விட்டுப்போயிருந்தது போல.

"சொல்லுங்க மிஸ்டர் சேம்பர்ஸ். என் வீட்டுத் தண்ணியும் திரும்பி நடக்குதா?"

அவன் குனிந்து மீட்டரை உண்மையாகவே பார்த்தான். "இல்ல. முன்னாடிதான் போகுது."

அப்புறம்தான் அவன் உதட்டின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது... சிரிப்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போன மாதிரி.

நோர்டியா பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். கேட்க வேண்டியது தொண்டை வரை வந்துவிட்டது. பெரிய குழிகளில் பழகிய பிள்ளைகளை இவன் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறான். இவனிடம் ஒரு வார்த்தை கேட்டால்...

"கடற்கரையில பழகுற பிள்ளையை..." என்று ஆரம்பித்தாள்.

"மாவட்டப் போட்டியிலயும் அந்தக் குழிக்கு நான்தான் மிஸ்," என்றான் அவன் மெதுவாக. "எப்படிப் பழக்கணும்னு நான் சொன்னா தப்பாயிடும்."

"நான் கேட்கவே இல்லையே."

"சரி."

"உங்ககிட்ட போய்க் கேட்பேனா?"

"சரி மிஸ்."

மூடியைப் பொருத்தினான். தொப்பியைத் தொட்டு விடைபெற்றான். அடுத்த வீட்டு கேட் வரை போனவன் நின்றான். அவள் பக்கம் திரும்பாமலே, "விதி என்னன்னு கேட்டா மட்டும் யாருக்கும் சொல்லலாம்," என்றான்.

மழை தூற ஆரம்பித்தது. நோர்டியா வானத்தைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். அவளுடைய ரோஷத்துக்கு அவளே பதில் சொல்லிக்கொள்ளக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

"பக்கவாட்டுல வெளியே போனா கால் எங்கே படணும்?"

அவன் திரும்பினான். "மணல்ல பலகைக்கு ரொம்பப் பக்கத்துல எந்தத் தடம் இருக்கோ, அதுக்கு அந்தப் பக்கம். காலோ, கையோ, இடுப்போ... எது பட்ட தடமா இருந்தாலும் அதுதான் கணக்கு."

"கை பின்னாடி ஊன்றினா?"

"ஊன்றின இடத்துலருந்துதான் அளப்போம்."

"எழுந்து நின்னு எவ்வளவு நேரம் யோசிக்கலாம்?"

"யோசிக்கறதுக்கு விதியே இல்ல மிஸ். எவ்வளவு வேணும்னாலும் நிக்கலாம். அவசரப்பட்டாத்தான் திரும்பத் தோணும்."

சொன்ன பிறகு, சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேனோ என்று அவன் முகம் மாறியது. இருவரும் தூறலிலேயே நின்றார்கள். டாக்சிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவள் கை நீட்டி எதையும் நிறுத்தவில்லை. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

*

அன்று மாலையே மூங்கில் வெட்டி வந்து கடற்கரை மணலில் நீளமாக ஒரு சட்டம் பதித்தார்கள். அதற்குள் இருப்பது குழி, வெளியே இருப்பது வெளி. தாண்டு, எழுந்து நில், மூச்சு விடு, அப்புறம் முன்னால் நட. இதுதான் பாடம். மற்றப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. அமோயாவுக்கு மட்டும் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் தோள் தானாகத் திரும்பியது.

"திரும்பாதடி."

"திரும்பல மிஸ். அதுவா திரும்புது."

"மறுபடி ஓடு."

மழையிலும் ஓடினாள், வெயிலிலும் ஓடினாள். நோர்டியா விடவில்லை. அமோயாவும் விடுகிற பெண் இல்லை. அலை வந்து ஓடுபாதையை நனைத்தால் மேலே தள்ளி இன்னொரு பாதை மிதித்து உண்டாக்கினார்கள். படகுக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். அப்புறம் அவர்களே, "திரும்பிட்டா, திரும்பிட்டா," என்று வலையைப் பின்னிக்கொண்டே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அமோயா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மிஸ், திரும்பிப் பார்க்கலேன்னா நான் எவ்வளவு தூரம் தாண்டினேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அளக்கிறவங்க சொல்வாங்க."

"அவங்க சொல்றதை நம்பணுமா?"

நோர்டியா கடலைப் பார்த்தாள். அலை ஒன்று வந்து, மணலை நனைத்து, போய்விட்டது. இன்னொன்றும் வந்து போனது. மழைநீர் சொட்டும் ஒரு தொப்பி விளிம்பு... அதற்குக் கீழே, அவசரமில்லாத கண்கள்... கோட்டை மிதிக்கவில்லை என்பதை அவள் வாதாடுவதற்கு முன்பே ஒப்புக்கொண்ட குரல்...

"நம்பணும்," என்றாள். "அந்த ஆள் பொய் சொல்ல மாட்டார்."

"எந்த ஆளு மிஸ்?"

"யாரா இருந்தாலும்தான். எழுந்து ஓடு."

*

கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் மிஸ் பான்சியின் மீன்கடை. சனிக்கிழமை பயிற்சி முடிந்து இளநீர் வாங்கப் போன நோர்டியாவை அவள் கரண்டியாலேயே கூப்பிட்டாள்.

"கண்ணு, இங்க வந்து இந்த அதிசயத்தைப் பாரு. ஊரே கடலைப் பார்க்கறதுக்குன்னு என் கடைக்கு வருது. இந்த மனுஷன் மட்டும் சனிக்கிழமையானா வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, என் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்து தின்னுட்டுப் போறாரு."

லெய்ட்டன். முன்னால் பொரித்த மீனும் பாமி என்ற மரவள்ளிக்கிழங்கு ரொட்டியும். சுவரைப் பார்த்தபடி.

நோர்டியாவின் நெஞ்சில் ஏதோ துள்ளியது. துள்ளிய வேகத்திலேயே சுருங்கியது. முதுகு... ஒவ்வொரு சனிக்கிழமையும்... அவள் பிள்ளைகள் மழையில் ஓடி விழுந்து எழுந்துகொண்டிருக்கும்போது, இவன் முதுகைக் காட்டிக்கொண்டு.

"சுவத்துல என்ன தெரியுது, மிஸ்டர் சேம்பர்ஸ்?"

அவன் தொண்டையைச் செருமினான். "காலண்டர்."

"எந்த மாசம்?"

நிமிர்ந்து, அப்போதுதான் முதல்முறையாகச் சுவரைப் பார்த்தான். மிஸ் பான்சிக்குச் சிரிப்பில் எண்ணெய்க் கரண்டி நழுவியது. "காலண்டர் மாட்டியே பல வருஷமாச்சு சாமி. அங்க ஆணி மட்டும்தான் இருக்கு."

நோர்டியா சிரிக்கவில்லை. "எங்க பிள்ளைங்க தாண்டறதைப் பார்க்கக்கூட உங்களுக்குப் பிடிக்கல. அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"பார்க்கக் கூடாது மிஸ். போட்டிக்கு முன்னாடி நடுவர் பார்க்கக் கூடாது. எனக்கு நானே வச்சுக்கிட்டது."

"அப்போ எதுக்கு வர்றீங்க? மீன் உங்க ஊர்லயும் கிடைக்கும்."

அவன் தட்டைப் பார்த்தான். மிஸ் பான்சிகூட அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள். சாலையில் ஒரு லாரி போய், அதன் சத்தமும் தேய்ந்து மறைந்தது.

"இங்க உட்கார்ந்தா காதுல விழும்," என்றான். "பிள்ளைங்க மணல்ல விழற சத்தம்... அப்புறம் நீங்க கத்தறது..."

"நான் கத்தறதா?"

"ஆமா."

அவ்வளவுதான். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீன் பாதிகூடத் தின்னப்படவில்லை.

"என்ன சொல்லிட்டுப் போறான் இவன்?" என்றாள் மிஸ் பான்சி.

"நான் கத்தறேன்னு சொல்லிட்டுப் போறார்," என்றாள் நோர்டியா. ஆனால் அவள் காது மடல்கள் சுட்டன. கடற்காற்றில் யாருக்கும் காது சுடுவதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பயிற்சிக்கு நடுவே நோர்டியா சாலையைப் பார்த்தாள். பார்ப்பதைப் படகுக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று அமோயாவைப் பார்த்து இன்னும் சத்தமாகக் கத்தினாள். கத்தும்போதே குரல் உள்ளே உடைந்தது. யாருக்குக் கேட்கப்போகிறது...

யாரிடமாவது கேட்டால் அவன் எண் கிடைக்கும். சின்ன ஊர். ஆனால் போய்விட்டவன் அவன். வரவேண்டியவனும் அவன்தான். நான் ஏன்... என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். இரவில் படுத்தபடி தகரக் கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த வாதம் அவளுக்கே பலவீனமாக இருந்தது. இருந்தும் விட்டுக்கொடுக்கவில்லை.

*

மாவட்டப் போட்டியன்று மலையிலிருந்து மழை இறங்கி வந்து மைதானத்தின் மேலேயே நின்றது. மணல் கனத்துக் கறுத்திருந்தது.

குழியோரம் முக்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க்காரி, இறுகிய முகம்.

நோர்டியா தலைமை நடுவர் மிஸஸ் டுஹேனியிடம் போனாள். பெரிய உடம்பு, பெரிய குடை, யாரையும் உட்கார வைத்துவிடும் குரல் அந்த அம்மாளுக்கு.

"மிஸ்டர் சேம்பர்ஸ் இன்னிக்கு வரலையா, மேடம்?"

"வந்திருக்கார். தடை ஓட்டத்துல இருக்கார். நீளம் தாண்டுதல் வேணாம்னு அவரே கேட்டு வாங்கிக்கிட்டார்."

அவரே கேட்டு...

நோர்டியா கயிற்றோரம் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று ஓடிவிட்டான். நல்லது. அப்படியே இருக்கட்டும். இன்றைக்கு அமோயா மட்டும்தான். வேறு எதையும் நினைக்கப்போவதில்லை. ஈரக் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் தாண்டலில் அமோயாவின் பெருவிரல் கோட்டைத் தாண்டியது. சிவப்பு. இரண்டாவது வெள்ளை, ஆனால் சுமார்தான். அதில் மூன்றாவது இடத்துக்கு வந்தாள். இரண்டாவதாக இருந்தவள் மேட்டுத்தெருப் பள்ளிப் பெண். அந்தப் பள்ளியின் பயிற்சியாளர் மெக்லீன், மைதானத்தில் யார் ஜெயித்தாலும் சந்தேகப்படும் மனிதர், குடைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதுதான் கடைசி.

அமோயா ஓடுபாதையின் கோடியில் நின்றாள். கயிற்றோரம் நோர்டியாவைத் தேடினாள். நோர்டியா எதுவும் கத்தவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

ஓடினாள். ஈரத்தில் செருப்படி போல் பாதங்கள் அறைந்தன. பலகையில் ஒரு கட்டைச் சத்தம். எழும்பினாள்... மழைக்குள்ளே, மழையை விட மெதுவாக இறங்கினாள்... தொப்பென்று மணல்.

எழுந்தாள். நின்றாள்.

தோள் திரும்ப ஆரம்பித்தது.

நோர்டியாவின் நகங்கள் கயிற்றில் பதிந்தன. கத்தினால் கேட்கும் தூரம்தான். ஆனால் இதை அவளே செய்ய வேண்டும். அவளே...

பாதி திரும்பிய தோள் அங்கேயே நின்றது. அமோயா கண்களை இறுக மூடிக்கொண்டாள். மழை அவள் நெற்றியில் வழிந்தது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அதற்கு விதியே இல்லை. அப்புறம் கண்ணைத் திறந்து, நேராக முன்னால் பார்த்து, ஒவ்வோர் அடியாக வைத்து நடந்து, குழிக்கு வெளியே புல்லில் கால் வைத்தாள்.

வெள்ளை.

டேப்பை இழுத்தார்கள். வெளியூர்ப் பெண் குனிந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அளவைச் சொன்னாள். இரண்டாவது இடம். மேட்டுத்தெருப் பெண் ஒரு விரற்கடை பின்னால் போனாள்.

அமோயா நோர்டியாவின் மேல் வந்து விழுந்தபோது அவள் உடம்பெல்லாம் மணல். "சொன்னாங்க மிஸ். அளந்து சொன்னாங்க." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மழையில் தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்," என்றது மெக்லீனின் குரல். மிஸஸ் டுஹேனியின் குடைக்கு நேராக அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். "இதை நான் ஒத்துக்க மாட்டேன் மேடம். உங்க நடுவர் சேம்பர்ஸ் வாராவாரம் பெலிகன் பே கடற்கரையில போய் உட்கார்ந்திருக்கார். இந்தப் பொண்ணு பழகுற நேரத்துல. மீன்கடைக்காரிகிட்ட கேளுங்க. ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட குழியில என்ன நியாயம் இருக்கும்?"

சுற்றி நின்றவர்கள் நோர்டியாவைப் பார்த்தார்கள். அமோயாவின் கை அவள் இடுப்பில் இறுகியது.

மிஸஸ் டுஹேனி நிதானமாகக் குடையைச் சாய்த்தாள். "இன்னிக்கு இந்தக் குழியில சேம்பர்ஸ் இருந்தாரா, கோச்?"

"இல்ல. ஆனா..."

"ஏன் இல்ல?"

மெக்லீன் குடையை மறு கைக்கு மாற்றினார்.

"ரெண்டு வாரம் முன்னாடியே வந்து விலகிட்டார். என்ன காரணம்னும் சொன்னார். அதனாலதான் நான் இந்தம்மாவை வெளியூர்லருந்து வரவழைச்சேன். அவர் விலகாம இருந்திருந்தா, நீங்க இப்ப கேட்கிற கேள்விக்கு என்கிட்ட பதில் இருந்திருக்காது. இப்ப இருக்கு. இந்தப் பிள்ளையோட தாண்டல் செல்லும்."

"என்ன காரணம் சொன்னாராம்?"

"அது உங்களுக்குத் தேவையில்ல." அவள் பார்வை மெக்லீனைத் தாண்டி நோர்டியாவின் மேல் வந்து, அங்கே கொஞ்ச நேரம் தங்கியது. "உங்களுக்கும் நான் சொல்லப்போறதில்ல மிஸ். தடை ஓட்டம் அந்தக் கோடியில நடக்குது."

*

மைதானத்தைக் குறுக்கே கடக்க அவளுக்கு நெடுநேரம் ஆனது போலிருந்தது. ரெண்டு வாரம்... அவன் கடைக்கு வராமல் போனதும் அப்போதுதான். முதுகைக் காட்டி உட்கார்ந்ததும், அப்புறம் வராமலே போனதும்... எல்லாவற்றையும் அவள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தாள். அவள் கால்கள் வேகமாகின. திரும்பிப் போய்விடலாமா என்று ரோஷம் கடைசியாக ஒருமுறை கேட்டது. அவள் நடையை நிறுத்தவில்லை.

லெய்ட்டன் அடுத்த ஓட்டத்துக்காகத் தடைகளைத் தூக்கி வரிசையில் வைத்துக்கொண்டிருந்தான். தொப்பி இல்லை. மழை அவன் முகத்தில் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த தடையைக் கீழே வைத்தான்.

"அமோயா?"

"ரெண்டாவது. கிங்ஸ்டன் போறா."

அவன் கண்களை மூடித் திறந்தான். அந்த ஒரு நொடியில், அசையாத அந்தக் கடல் முழுக்க அசைந்ததை அவள் பார்த்தாள்.

"காரணம் சொல்லித்தான் விலகணுமாமே," என்றாள்.

"ஆமா."

"என்ன சொன்னீங்க?"

அவன் அடுத்த தடையைப் பார்த்தான். ஈரப் புல்லைப் பார்த்தான். தூரத்தில் யாரோ ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நோர்டியா காத்திருந்தாள். முன்பெல்லாம் அவனுடைய மௌனம் அவளுக்கு எரிச்சலூட்டும். இன்றைக்கு அது முடிய எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பது என்று தீர்மானித்திருந்தாள்.

"பெலிகன் பே பயிற்சியாளர் விஷயத்துல என்னால நடுநிலையா இருக்க முடியாதுன்னு சொன்னேன்."

"அது தலைமை நடுவருக்குச் சொன்னது. எனக்கு?"

"உங்களுக்கா..."

"எனக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

அவன் உதடு ஒருமுறை அசைந்து நின்றது. உள்ளே சொல்லிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு நீங்க கயித்துக்கு அடியில குனிஞ்சு, என்கிட்ட சண்டைக்கு வந்தீங்க. அந்தச் சிவப்புக் கொடியைக் கீழே போட்டுடலாமான்னு இருந்தது. போடல. ஆனா இன்னொரு தடவை போடாம இருப்பேனான்னு எனக்குத் தெரியல." மூச்சு விட்டான். "நான் உங்களைக் காதலிக்கிறேன், நோர்டியா. அதைத் தெரிஞ்சுக்கிட்டே உங்க பிள்ளை முன்னாடி உட்கார்ந்தா, அவ நியாயமா ஜெயிச்சாலும் அது நியாயம்னு யாரும் நம்ப மாட்டாங்க. அது அவளுக்குச் செய்யற துரோகம்."

மழை இருவருக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்தது மழையை மட்டும் இல்லை.

"இந்த ரெண்டு வாரமா," என்றாள், "நீங்க ஒரு நாளாவது வருவீங்கன்னு சாலையைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். யாராவது கேட்டா இல்லேன்னு சொல்லலாம்னு இருந்தேன். இப்ப நீங்க கேட்டா ஆமான்னு சொல்வேன்."

"கேட்கட்டுமா?"

"கேட்க வேணாம். நானே சொல்றேன். எனக்கும் உங்க மேல காதல்தான், லெய்ட்டன். ரொம்ப நாளா. ஒத்துக்கிறதுக்குத்தான் இவ்வளவு நாளாச்சு."

"அடுத்த ஓட்டத்துக்குப் பிள்ளைங்க வந்து நிக்குது," என்று யாரோ அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்கள். "தடை எங்கே, சேம்பர்ஸ்?"

அவன் குனிந்து தடையின் ஒரு முனையைப் பிடித்தான். நோர்டியா மறுமுனையைப் பிடித்தாள்.

"இது என் வேலை," என்றான் அவன்.

"தெரியும்," என்றாள். "எங்கே வைக்கணும், சொல்லுங்க."